ஸ்ரீஸ்கந்தராசர் உலகத்தைச் சூடாக்கிய கதை

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் வானிலை சொல்லத் தொலைக்காட்சி போதாதென்று ஸ்ரீஸ்கந்தராசரும் இருந்தார். தொழிற்சாலையில் போத்தல் மூடி வார்ப்பது சம்பளத்துக்கு. உலகத்தின் சூடு பார்ப்பது சமூக சேவை. 1998ஆம் ஆண்டுக் குளிர்காலம் வந்த சுவடே தெரியாமல் போனதும் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. வடதுருவத்துப் பனியே உருகுகிறதாம், இனி ரொறன்ரோவில் சினோ என்கிற வெண்பனி கொட்டுவது சந்தேகமாம்.

"உமக்கு என்ன தெரியும் ரதி? பூமி சூடாகுது. இனி இஞ்ச எங்கட நுவரெலியா மலைக் குளிர்தான்" என்றார் மனைவியிடம்.

சொன்னதோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. மகள் துவாரகா தன் கலியாணத்தை யூன் மாத வெயிலில் வைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவரோ தை பிறந்து வரும் முதல் ஞாயிறுக்கு மண்டபம் பிடித்துவிட்டார். பஞ்சாங்கமும் விஞ்ஞானமும் சேர்ந்து கையெழுத்து வைத்த நாளாம் அது.

99 தை பிறக்குமுன்பே வானம் பொத்துக்கொண்டு சினோ கொட்டியது. நகரமே புதைந்துபோய், அதை அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டார்கள். நம் வானிலை நிபுணர் மட்டும் இராணுவம் வந்த செய்தியை அறியவில்லை. கொட்டத் தொடங்கிய அன்றே வெட்கத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டிருந்தார்.

கலியாணத்தன்று காலை காரில் ஏறியபோது துவாரகா தகப்பனோடு பேசவில்லை. முகூர்த்தம் தவறினால் மாப்பிள்ளை வீட்டார் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்ற பயம் அவளுக்கு. பயந்தபடியே மோர்னிங்சைட் தெருவில் கார் சினோவுக்குள் இறுகி நின்றது. சற்று முன்னால் நின்ற ட்ரக்கிலிருந்து பச்சை உடுப்புக்காரர் நாலைந்து பேர் குதித்து வந்தார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசர் சத்தமில்லாமல் இறங்கினார். ரதியையும் இறக்கினார். பட்டுச் சால்வையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி, அடையாள அட்டைக்குப் பதிலாக ஹெல்த் கார்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒருகாலத்தில் ஊரில் ஆனையிறவு இராணுவச் சோதனைச் சாவடியில் நின்ற மாதிரியே தெருவோரம் நின்றார்.

பச்சை உடுப்புக்காரர் அட்டையைப் பார்க்கவே இல்லை. சவளால் கார்ச் சில்லடியில் இறுகிய சினோவை வாரி, காரைத் தள்ளி வெளியே எடுத்தார்கள். முகூர்த்தத்துக்கு நேரமிருந்தது. ஏறச் சொல்லி ஒருவன் கை காட்டியும் அவர் அசையவில்லை.

துவாரகாவின் கோபமெல்லாம் எங்கே போனதோ, இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, உவங்கள் சினோ அள்ள வந்தவங்கள்."

அவர் அட்டையை இறக்கவில்லை.

"நீ ஒண்டும் கதையாதை பிள்ளை" என்றார் மெதுவாக. "கேட்டால் மட்டும் பேரைச் சொல்லு."