அடைக்கோழியும் ஒரு பக்கெட் தண்ணீரும்

மூலக்குளத்துக்குக் குடிவந்த முதல் கோடையிலேயே, கத்திரி வெயில் எங்கள் கோழிகளை ஒவ்வொன்றாக வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது ஒரு சிவப்புப் பெட்டை. பக்கத்து வீட்டுச் சேவல் தயவில் முட்டையிட்டு, மறுகோடையில் அது அடைக்கு உட்கார்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடையில் மணல் பரப்பி, முட்டைகளோடு ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் போட்டு, பின்பக்கத்து ஷீட்டுக் கொட்டகையில் வைத்தேன். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமல் இருக்க எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். இடிக்கு வழி செய்த எனக்கு, வெயிலுக்குத்தான் ஒரு வழியும் தெரியவில்லை.

குஞ்சு பொரிக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. கோழி அலகைப் பிளந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைத்தது. மூக்கருகே கிண்ணத்தை வைத்தாலும் குடிக்கவில்லை. கூடையை வீட்டுக்குள் நகர்த்தலாம் என்றால், இடம் மாறினால் அடையை விட்டுவிடுமோ என்று பயம். ஷீட்டின் மேல் ஈரக் கோணியைப் போட்டேன்; அடுத்த குடம் கொண்டுவருவதற்குள் அது காய்ந்துவிட்டது. டேபிள் ஃபேனை இழுத்து வைத்தேன், கரண்டு போனது. போன வருடம் செத்தவையெல்லாம் இப்படி வாயைப் பிளந்துதான் செத்தன.

முதல் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார்.

"இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிற?"

"வந்து பாருங்க. செத்துடும் போல இருக்குது."

அவர் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் கோழியை இரண்டு கையாலும் தூக்கி, பக்கெட் தண்ணீரில் கழுத்துவரை முக்கிவிட்டார். வேண்டாத அடையைக் கலைக்கத்தான் கோழியை அப்படி முக்குவார்கள். பிறகு அது முட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

"ஐயோ, இன்னாங்க பண்ணிட்டீங்க! அடை கலைஞ்சிடுமே!"

"கோழி இருந்தாதான அடை," என்றார்.

கோழி உதறிக்கொண்டு முருங்கை நிழலுக்கு ஓடியது. பக்கெட்டிலிருந்து சிந்தி அங்கே ஓடித் தேங்கிய தண்ணீரைக் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மண்ணைக் கிளறியது. கூடை என்று ஒன்று இருப்பதே அதற்கு நினைவில்லை போலிருந்தது. நான் முட்டைகளருகே உட்கார்ந்துவிட்டேன். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. அதுவரை திட்டித் தீர்த்த வெயிலிடமே, இதுகளைக் கொஞ்ச நேரம் நீ பார்த்துக்கொள் என்று கெஞ்சினேன். எத்தனை முறை எட்டிப் பார்த்தும் கோழி கிளறிக்கொண்டேதான் இருந்தது. அவர்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

முட்டையின் மேல் என் கை இருந்தபோது சுளீரென்று ஒரு கொத்து விழுந்தது. ஈர இறக்கையோடு கோழி நின்றது. கையை எடுத்தேன். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஏறி, முட்டைகளை அலகால் உள்ளே தள்ளி உட்கார்ந்தது. கையில் ரத்தம் வந்தது, நான் சிரித்தேன்.

அவர் சொம்போடு வந்து நின்றார்.

"காலையிலருந்து நீயும் அங்கியே அடை உக்காந்திருக்க. குடி. இல்லன்னா உன்னையும் பக்கெட்ல முக்கிடுவேன்."

தண்ணீர் தொண்டையில் இறங்கியபோதுதான் எனக்கு எவ்வளவு தாகம் என்று தெரிந்தது.