குசினி இல்லாத அறை

முப்பது வருஷமா நோர்வேயில இருக்கிறன். லண்டனுக்குப் போயிருக்கிறன், பாரிசுக்குப் போயிருக்கிறன், கனடாவுக்கு ரெண்டு தரம், சுவிசுக்கு எத்தினை தரமெண்டு எனக்கே ஞாபகமில்லை. ஆனால் அம்பது வயசு வரைக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு ஹோட்டல் கட்டிலில படுத்தனானோ எண்டு கேளுங்கோ. இல்லை. போன ஊரெல்லாம் ஆரோ ஒரு சொந்தக்காரர் வீட்டிலதான் நிண்டனான்.

சொந்தக்காரர் வீட்டில நிக்கிறதெண்டால் என்னெண்டு ஆம்பிளையளுக்குத் தெரியாது. அவை போய் இறங்கின உடனை சோபாவில இருப்பினம், திரும்பிப் பிளேன் ஏறத்தான் எழும்புவினம். நாங்கள் சூட்கேசைக் கீழ வைக்க முதலே குசினிக்குள்ள நிப்பம். "சும்மா இருங்கோ, நீங்கள் எல்லோ விருந்துக்கு வந்தனீங்கள்" எண்டு வீட்டுக்காரி சொல்லுவா. சொல்லிக்கொண்டே வெங்காயத்தையும் கத்தியையும் எங்கட பக்கம் தள்ளுவா. நாங்கள் வந்து நிக்கிறமெண்டு பத்துக் குடும்பத்துக்குச் சொல்லியிருப்பினம். அந்தப் பத்துக் குடும்பத்துக்கும் ரோல்ஸ் சுத்திப் பொரிக்கிறது ஆர்? நான்தான். சுவிசில மலையெல்லாம் பாத்தனியோ எண்டு வேலையிடத்தில கேட்டினம். பாத்தனான். குசினி யன்னலால பாத்தனான். வடிவான மலை.

நான் வேலை செய்யிறது ஒரு முதியோர் இல்லத்தில. என்னோட வேலை செய்யிற நோர்வேஜியன் மனுசி ஒருத்தி ஒவ்வொரு இலையுதிர் காலமும் புருஷனோட ஜெர்மனிக்கு, மோசல் ஆத்தங்கரைக்குப் போறவ. வைன் செய்யிற இடம். ஆத்துக்கு ரெண்டு பக்கமும் மலை முழுக்க முந்திரிகைக் கொடியாம். வந்து ஒரு கிழமைக்கு, மத்தியானம் பாணில பிரவுண் சீஸை வைச்சுக் கடிச்சுக்கொண்டு, எந்த வீட்டில நிண்டவை, யன்னலால என்ன தெரிஞ்சது, காலமை மேசைக்கு என்னென்ன கொண்டுவந்து வைச்சவை எண்டு கதைப்பா. எனக்கு ஆறும் மலையும் காதில ஏறேல்லை. அந்தக் "கொண்டுவந்து வைச்சவை" மட்டும் ஏறிச்சுது.

அந்த வருஷம் எனக்கு அம்பது வயசு. மகள் இஞ்சை பிறந்து வளந்து, படிச்சு, நல்ல வேலையில இருக்கிறாள். "அம்மா, பிறந்தநாளுக்கு என்ன வேணும்? ஒண்டும் வேண்டாமெண்டு மட்டும் சொல்லாதையுங்கோ" எண்டு கேட்டாள்.

"மோசலுக்குப் போகவேணும்" எண்டன்.

"ஹெர்ரெகுட், அம்மா!" எண்டு நோர்வேஜியனில கடவுளைக் கூப்பிட்டாள். "நீங்கள் வைன் குடிக்கிறனீங்களோ?"

"பூசையில பாதர் குடிக்கிறதைத்தான் பாத்திருக்கிறன். எனக்கு வைன் வேண்டாம். அறைதான் வேணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் பூசைக்குப் போக மோர்டென்ஸ்ருட்டில ரெயின் ஏறினம். எங்கட ஸ்டேஷன் கடைசி ஸ்டேஷன், எப்பவும் இருக்க இடம் கிடைக்கும். இருந்த உடனை மகள் போனை எடுத்து அறை தேடத் தொடங்கினாள். என்னென்ன வேணுமெண்டு சின்னச் சின்னப் பெட்டிக்குள்ள சரி போடலாம். ஆத்தைப் பாத்த யன்னல், சரி. காலமைச் சாப்பாடு, சரி. குசினிக்கும் ஒரு சரி போட்டாள்.

"அதை எடு" எண்டன்.

"ஏனம்மா, அப்பாவுக்குச் சோறு வேணுமெல்லோ? ஒரு சின்னக் குசினி இருந்தால்..."

"எடு எண்டுறன்!"

முன்னால இருந்த மனுசன் போனை விட்டிட்டு என்னைப் பாத்தார். பாக்கட்டும். "குசினி இல்லாத இடமாப் பார். அடுப்பு இருக்கப்படாது. தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலும் இருக்கப்படாது" எண்டன். மகள் சிரிச்சாள். நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

முதல் வந்தது டவுணுக்குள்ள ஒரு பெரிய ஹோட்டல். யன்னலைத் திறந்தால் கார் நிப்பாட்டிற இடம்தான் தெரியும். அதைப் பாக்க ஜெர்மனிக்கு ஏன் போவான்? ரெண்டாவது, கன்னியாஸ்திரிமார் நடத்திற விடுதி. இவர், எங்கட மனுசன், மறுபேச்சில்லாமல் ஓமெண்டு சொல்லக்கூடிய இடம் அது ஒண்டுதான். ஆனால் கீழ ஒரு வரி கிடந்தது: விரும்பினவை சிஸ்டர்மாருக்குச் சமையலில உதவி செய்யலாமாம். மாதாவே, அங்கையுமோ! மூண்டாவது, வைன் செய்யிற ஒரு குடும்பத்தின்ர வீடு. மேல்மாடியில நாலு அறை விடுகினம். வீட்டுக்கார மனுசி காலமைச் சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்து தருவாவாம். யன்னலுக்கு வெளியில வரிசை வரிசையா முந்திரிகை.

"இதுதான்" எண்டன். எங்கட ரெயின் டவுணுக்குப் போய்ச்சேர முதலே மூண்டு நாளைக்குப் பதிஞ்சாச்சு.

அந்தப் பதிவு இவரின்ர ஈமெயிலுக்குத்தான் போனது. கடதாசி விஷயமெல்லாம் அப்பா பாக்கிறது எண்டு மகளும் பழக்கத்தில போட்டிட்டாள். நான் வேலையிடத்தில ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரில ரிப்போர்ட் எழுதிறனான். அதை ஆர் கணக்கெடுத்தது?

வீட்டை போய்ச் சொன்ன உடனை இவர் குதிக்கத் தொடங்கினார். "கண்டறியாத ஹோட்டல்! அக்கா வீடு அங்கையிருந்து ஒரு மணித்தியாலம். அக்கா இருக்க ஹோட்டலில போய் நிண்டால் ஆக்கள் என்ன சொல்லுவினம்? அதுவும் வைன் தோட்டத்துக்குள்ள! குடிக்கப் போனவையெண்டெல்லோ கதைப்பினம்."

ஆர் சொல்லுறது? பிறந்தநாள் விழா எண்டு எந்த ஹோலுக்குப் போனாலும் விஸ்கிப் போத்தில் இருக்கிற மேசையைத் தேடிப் போய் இருக்கிற மனுசன்!

பிறகு, நோர்வேக்கு வந்து முதல் இருந்த வடக்கு ஊர், ஹம்மர்பெஸ்ட் கதையை எடுத்தார். எப்ப வாதத்தில தோக்கப் போறாரோ அப்ப ஹம்மர்பெஸ்ட் வரும். "அந்தக் குளிருக்குள்ள மீன் கொம்பனிக்கு வேலைக்கெண்டு போய் இறங்கேக்கை ஆர் எனக்குப் படுக்க இடம் தந்தது? ஹோட்டல்காரனோ? எங்கட ஆக்கள்!"

அது உண்மை. ஒரு அறைக்குள்ள ஆறு பேர் படுத்தவை. நான் கலியாணம் கட்டி வந்து இறங்கினதும் அந்த ஆக்களின்ர வீட்டிலதான். அந்த நன்றி எனக்கும் இருக்கு. "ஓமப்பா, அண்டைக்குப் போக்கிடம் இல்லை, போனனாங்கள். இண்டைக்கும் அப்பிடியோ?" எண்டு கேட்டன்.

ரெண்டு நாள் கழிச்சு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "அக்கா போனில அழுகிறா. தம்பி என்ர வீட்டில நிக்காமல் ஹோட்டலில நிக்கிறானோ எண்டு கேட்டு அழுகிறா." எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. மச்சாள், இவரின்ர அக்கா, நல்ல மனுசி. எண்டாலும் விட்டுக்கொடுக்கேல்லை. மூண்டு நாள் முடிய ஒரு நாள் போய்ப் பாத்திட்டு வருவம் எண்டன். இவர் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தால் சம்மதம் எண்டு நினைச்சன் பாருங்கோ, என்னைச் சொல்லவேணும்!

விமான நிலையத்தில செக்கூரிட்டி தாண்டி, பெல்ட்டைத் திரும்பக் கட்டி, சப்பாத்தைப் போட்டு முடிச்சாப் பிறகுதான் வாயைத் திறந்தார். என்னைப் பாக்காமல், அங்கை தொங்கின பலகையைப் பாத்துக்கொண்டு சொன்னார். "அந்த அறையை நான் கான்சல் பண்ணிப்போட்டன். அத்தான் காரோட வந்து நிப்பார்."

வீட்டில சொல்லியிருந்தால் நான் சூட்கேசைப் பிரிச்சிருப்பன். ரெயினுக்குள்ள சொல்லியிருந்தால் இறங்கியிருப்பன். இனித் திரும்பேலாது எண்ட இடம் வரும்வரைக்கும் பொத்திக்கொண்டு வந்திருக்கிறார்! எனக்குத் தலையெல்லாம் கொதிச்சது. அத்தினை சனத்துக்கு முன்னால கத்தேலாமல் நிண்டன். பிளேனில தேத்தண்ணி வேணுமோ எண்டு இவர் கேட்டதுக்கும் யன்னலைத்தான் பாத்தன்.

பின்னேரம் மூண்டு மணிக்கு மச்சாள் வீட்டை போய் இறங்கினம். மூண்டரைக்கு என்ர கையில வெங்காயம்.

மச்சாளுக்கு அறுபது தாண்டிட்டுது. அடுப்படியில நிண்டு கறி கிளறிக்கொண்டிருந்தா. முன்னறையில மச்சாளின்ர மனுசனும் இவரும் சிரிச்சுக் கதைக்கிற சத்தம் கேட்டுது. எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. "மச்சாள், ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் போனில அழுதிருக்காட்டி இந்நேரம் நான் மோசலில இருந்திருப்பன்."

அகப்பை நிண்டுது. "நான் அழுததோ? எப்ப?"

"ஹோட்டலில நிக்கிறமெண்டு சொல்ல..."

"என்ன விசர்க்கதை! தம்பி சொல்ல, நல்லது, போய் நிண்டு சந்தோசமா இருங்கோ எண்டெல்லோ சொன்னனான்! பிறகு எங்கட மனுசனும் தம்பியும் கதைச்சவை. நீங்கள்தான் ஹோட்டல் வேண்டாம், மச்சாள் வீடுதான் வேணுமெண்டு ஒரே பிடியா நிக்கிறியளெண்டு எனக்குச் சொன்னவை."

ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கொண்டு நிண்டம். சட்டிக்குள்ள கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது.

"இந்தக் கோடைக்கு நாலு குடும்பம் வந்து நிண்டது. நீங்கள் அஞ்சாவது" எண்டா மச்சாள். கோவிச்சுச் சொல்லேல்லை, மழை பெய்யுது எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னா. "வாற ஆக்களை இவர் மோசல் பாக்கக் கூட்டிக்கொண்டு போவார். நான் போனதில்லை."

"ஒரு மணித்தியாலத்தில இருக்கிற ஆத்தையோ?"

"இஞ்சை வந்து இருபத்தெட்டு வருஷம், மச்சாள். காரில இடம் இருக்காது. அவை திரும்பி வரேக்கை சாப்பாடும் இருக்கவேணுமெல்லோ."

அதுவரைக்கும் நான் எனக்காகத்தான் கோவிச்சுக்கொண்டிருந்தன். அதைக் கேட்ட உடனை வேறை ஒரு கோவம் வந்தது. கையிலயிருந்த வெங்காயத்தைத் தொட்டிக்குள்ள எறிஞ்சு போட்டு அடுப்பை நிப்பாட்டினன். அறை பாத்த அண்டைக்கே மகள் அனுப்பின அந்த மோசல் வீட்டின்ர நம்பர் என்ர போனில இருந்தது. "ஜெர்மனில கேளுங்கோ" எண்டு நீட்டினன். மச்சாள் தமிழில கதைச்சால் பக்கத்தில நிக்கிறவைக்கே கேளாது. ஜெர்மனில அவ கதைச்சதைக் கேக்க நான் நிமிர்ந்து நிண்டிட்டன், அவ்வளவு தெளிவு, அவ்வளவு அதிகாரம்! நாங்கள் பதிஞ்ச அறையை வேறை ஆக்களுக்குக் குடுத்தாச்சாம். கூரைக்குக் கீழ ரெண்டு ஒற்றைக் கட்டில் போட்ட சின்ன அறை ஒண்டு ரெண்டு நாளைக்கு இருக்காம்.

முன்னறைக்குப் போய், "நாங்கள் ரெண்டு பேரும் மோசலுக்குப் போறம்" எண்டன்.

ஏன் எண்டு கேக்கேல்லை. எப்பிடிப் போவியள் எண்டு கேக்கேல்லை. ரெண்டு ஆம்பிளையளும் ஒரே நேரத்தில வாயைத் திறந்து கேட்டது, "அப்ப சாப்பாடு?"

நான் பதில் சொல்லத் தொடங்கியிருந்தால் அயலட்டையெல்லாம் கேட்டிருக்கும். மச்சாள் கோட்டைப் போட்டா, நான் சூட்கேசை இழுத்தன், நடந்துபோய் ரெயின் எடுத்தம்.

அடுத்தநாள் காலமை கீழ சாப்பாட்டறைக்கு வந்தம். கண்ணாடிக்கு வெளியில முந்திரிகை மஞ்சளாகிக் கிடந்தது, அதுக்குக் கீழ ஆறு. வீட்டுக்கார மனுசி பாண், முட்டை, சீஸ், தாங்களே செய்த ஜாம் எல்லாம் கொண்டுவந்து வைச்சா. மச்சாள் ஆரோ துரத்திற மாதிரி அவசரமாச் சாப்பிட்டா. முடிச்ச உடனை எழும்பி, தன்ர கோப்பையை என்ர கோப்பைக்கு மேல அடுக்கிக்கொண்டு அந்த மனுசியின்ர குசினிப் பக்கம் வெளிக்கிட்டா.

"இருங்கோ மச்சாள்!"

நான் கத்தின சத்தத்துக்கு மற்ற மேசையில இருந்தவையெல்லாம் திரும்பிப் பாத்தினம். மச்சாள் இருந்தா. கையை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் மேசையில வைச்சு, எடுத்து, பிறகு மடியில வைச்சா. வீட்டுக்கார மனுசி வந்து கோப்பையளை எடுத்துக்கொண்டு போனா. திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் கோப்பி வேணுமோ எண்டு கேட்டா. மச்சாள் என்னைப் பாத்தா. பிறகு அந்த ஜெர்மன்காரியைப் பாத்துத் தமிழில, "ஓம்" எண்டா. கண் கலங்கியிருந்தது. ஒரு கப் கோப்பிக்கு ஒரு மனுசி கண் கலங்கிற அளவுக்கு வைச்சிருக்கிறாங்களே எண்டு எனக்குத் திரும்பவும் பத்திக்கொண்டு வந்தது.

அப்ப என்ர போன் அடிச்சது. இவர். பின்னால பாத்திரம் உருளிற சத்தமும் கேட்டுது.

"இஞ்சேரும், எங்கை நிக்கிறீர்?"

வீட்டுக்கார மனுசி என்ர பக்கம் குனிஞ்சு எனக்கும் கோப்பி ஊத்திக்கொண்டிருந்தா. அவ ஊத்தி முடியுமட்டும் நான் வாய் திறக்கேல்லை.

"நான் நிக்கேல்லையப்பா" எண்டன். "இருக்கிறன்."