பதினாறுக்கு இருபது அறையும் புஷ்பம் அக்காளின் கேசட்டும்

பாட்டு கேட்பதற்கென்று வீட்டில் தனி அறை அமைத்துக் கொடுப்பது என் தொழில். அளவு சொல்ல நான் ஒருவன், அதை மாற்றிச் சொல்ல ஊரே உண்டு. வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

பிஸ்கட் டின்

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் தாசையன் அண்ணன் புது வீட்டு மாடியில் அப்படி ஓர் அறை கேட்டார். என்ன பாட்டு கேட்பீர்கள் என்றேன். ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே பழைய கேசட்டுகள். அவர் சவூதியில் இருந்தபோது மனைவி புஷ்பம் அக்கா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை.

"ஒரு ரூமுல எட்டு பேரு கெடந்தோம் தம்பி. வெக்கப்பட்டு சத்தத்தக் கொறச்சு வச்சுக் கேட்டேன், பாதிதான் வெளங்கிச்சு. முழுசும் ஒருக்கா கேக்கணும்."

மனையடி

எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தால் அறை குடம்போல முழங்கும். அதனால் பதினைந்துக்குப் பத்தொன்பது என்று வரைந்து கொடுத்தேன். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மனையடி சாஸ்திரத்தில் இரண்டுமே ஆகாத அளவாம். பேசிப் பேசிப் பதினாறுக்கு இருபதில் வந்து நின்றோம். நல்லவேளை, அது எனக்கும் ஆகிற அளவுதான். சர்ச் கமிட்டியில் இருக்கிற நீங்கள் மனையடி பார்க்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"எனக்கு அதுலெல்லாம் நம்பிக்க இல்ல தம்பி. ஆனா வீடு கெட்டுகவனுக்கு உண்டும்லா?"

கண்ணாடித் தரை

தரைக்குக் கம்பளம் சொன்னேன். மழைக்காலத்தில் அலமாரிக்குள் இருக்கும் செருப்பிலேயே பூசணம் பிடிக்கிற ஊர் இது, கம்பளத்தை யார் வெயிலில் காயவைப்பது என்று அக்கா கேட்டார். தப்பு என்மேல்தான். தென்னை நார்ப் பாயாவது விரிக்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, முகம் தெரிகிற டைல்ஸ் போடவைத்துவிட்டார்கள்.

முதல் கேசட்டைப் போட்டோம். அக்காவின் குரல் தரையில் மோதி, சுவரில் மோதி, ஒரு சொல்லின்மேல் இன்னொரு சொல் ஏறி விழுந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சவூதி கேம்புலயாவது பாதி வெளங்கிச்சு."

கொடித்துணி

விடாமல் ஒரு வாரம் மழை. பரிகாரம் தேடி நார்ப் பாயோடு போனேன். அந்த அறையில் நாலு கயிறு கட்டி, போர்வையும் சேலையும் கைலியுமாகக் காயப்போட்டிருந்தார் அக்கா. துணிகளை விலக்கிக்கொண்டு நுழைந்தால், நடுவில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். கேசட் ஓடுகிறது. முழக்கம் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது. "அடுத்த லீவுக்கு சாமான் ஒண்ணும் கொண்டு வராண்டாம். நீங்க வந்தாப் போரும், கேட்டியளா?"

அண்ணன் கைலி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நார்ப் பாயைப் பிரிக்காமலே சுவரோரம் சாய்த்து வைத்தேன். அக்கா வாசலில் கூடையோடு நின்றார்.

"நான் அன்னிக்குச் சொன்னதுக்கு இன்னிக்கு இருந்து கரையுகாரு. காஞ்ச துணிய எடுங்கன்னு காலத்த ஏழு மணிலருந்து சொல்லுகேன், அது மட்டும் காதுல விழல்ல."

அளவைக் கொத்தனார் முடிவு செய்தார், தரையைச் சொந்தக்காரர்கள் முடிவு செய்தார்கள், முழக்கத்தை அக்காவின் துணிகள் தீர்த்தன. அருமையான அறை என்று ஊரார் பாராட்டுவது மட்டும் என்னை.