கடைசி மடைப் பாட்டு

வறண்ட கால்வாயின் வண்டலை மண்வெட்டி புரட்டும்போது, வெயிலில் வெந்த நத்தைக்கூடும் காய்ந்த பாசியும் கலந்து ஒரு வாடை எழும். சென்ற மாதம் எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியபோது அதே வாடை வந்தது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டேன். மனைவி காரணம் கேட்டாள்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன்பு, மேலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வரும் கிளைக்கால்வாய் ஒன்று ஊரைத் தொட்டுப் போகும். தண்ணீர் திறப்பதற்கு முன்னால், வைகாசியில், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அதைத் தூர்வார வேண்டும் என்பது ஊர்க்கட்டு. ஆண்கள் "மம்பட்டி"யால் வெட்டிப் போட, பெண்கள் கூடையில் சுமந்து கரையேற்றுவார்கள், சுமக்கும்போது பாடுவார்கள். அப்பாவின் அக்காவான சீனியம்மா அத்தை அடியெடுத்துக் கொடுக்க, அம்மாவும் மற்றவர்களும் வாங்கிப் பாடுவார்கள்.

அது அந்தக் கால்வாயின் கதை. மேற்கே மலையைக் குடைந்து தண்ணீரைத் திருப்பியது, பாறைக்கு வேட்டு வைத்தது, குளிர்காய்ச்சலில் கூலியாட்கள் கூட்டங்கூட்டமாகப் படுத்தது என்று தொடங்கி, மடைக்கு ஒரு கண்ணியாக எங்கள் ஊர்வரை வரும். ஒவ்வொரு கண்ணியிலும், கால்வாய் வெட்டும்போது அந்த இடத்தில் உயிர்விட்ட ஒருவரின் பெயர் இருக்கும்.

"கல்லு மடையில யாரைக் கேட்ட, தண்ணி?
கருப்பன் மகளைக் கேட்டுவந்தேன்."

எந்த மடையில் மண் எடுக்கிறார்களோ அந்த மடையின் கண்ணியைத்தான் பாடுவார்கள். கடைசி மடைக்கு மட்டும் பெயர் கிடையாது. "கடைசி மடையில யாரைக் கேட்ட, தண்ணி?" என்று அத்தை பாடியதும் எல்லோரும் ஒருமுறை கையைத் தட்டி, அதோடு நிறுத்திவிடுவார்கள். வேலையும் அத்துடன் முடிந்துவிடும்.

"அத்தை, அங்க ஏன் பேரு இல்ல?" என்று கேட்டேன்.

"அந்த எடத்துல யாரு பேரையும் வைக்கக் கூடாதுய்யா. வச்சா, தண்ணி கேட்டுக்கிட்டே வந்துரும்" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அம்புட்டுப் பாட்டையும் பாடமாக்கிட்டான் உன் மகன். வாய்ப்பாடு கேட்டா மட்டும் திருதிருன்னு முழிக்கிறான்" என்று சிரித்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கை பேச்சிக்கு ஆறு. அந்த வருடம் தூர்வாரி முடிந்த அன்று மத்தியானம், தண்ணீர் மறுநாள் விடியலில் வந்துசேரும் என்று தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் ஒரு பொழுது இருக்கிறதே என்று நாங்கள் இருவரும் கால்வாய்க்குள்ளேயே விளையாடிக்கொண்டிருந்தோம். குட்டையில் நான் பிடித்துச் சட்டியில் விட்டிருந்த கெளுத்திகளைப் பேச்சி கால்தட்டிக் கவிழ்த்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம். அவளை அழவைக்க எனக்குத் தெரிந்த பெரிய வழியைக் கையாண்டேன்.

"கடைசி மடையில யாரைக் கேட்ட, தண்ணி? பேச்சிப் புள்ளையக் கேட்டுவந்தேன்."

அவள் முகம் கோணியது. வண்டிப்பாதைக்கு அடியில் கால்வாய் நுழைந்து போகும் கல்வழிக்குள், நாங்கள் "சுரங்கம்" என்று சொல்லும் அந்த இருட்டுக்குள், ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வெளிய வாடி" என்றேன்.

"என் பேரை எடுண்ணே. எடுத்துட்டுப் பாடு, வாரேன்." சுரங்கத்துக்குள் அவள் குரல் பெரிய மனுஷியின் குரல்போல் முழங்கியது.

"நீ மொதல்ல வா. பெறகு எடுக்கிறேன்."

"மாட்டேன். நீ எடு, வாரேன்."

நான் எடுக்கவில்லை. வாய்க்கருகில் இரண்டு கையையும் குவித்து, அவள் பெயரோடு இன்னொரு தடவை பாடினேன். அது முடியும்போதுதான் மேல்பக்கமிருந்து, காய்ந்த சருகை யாரோ கோணியோடு இழுத்து வருவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மேலே எங்கோ தடுப்புக்கு வைத்திருந்த மண்கரை உடைந்து தண்ணீர் முன்கூட்டியே புறப்பட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். புதுத்தண்ணீர் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வந்தது. கத்தினேன். கரையில் ஏறிவிட்டேன். இரண்டையும் சேர்த்தே செய்தேன். எது முதல் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் காலையில் கடைசி மடையின் அடைப்புப் பலகையில் அவள் பாவாடை சிக்கியிருந்தது. அவளும் இருந்தாள்.

அடுத்த வைகாசியில் அந்த மடைக்கு வந்ததும் அத்தை பாட்டை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையில் கூடையோடு நின்றாள்.

"பாடுங்க மதினி. பேராச்சும் ஊருக்குள்ள இருக்கட்டும்" என்றாள்.

பாடினார்கள். நான் பேச்சியிடம் பாடிய அதே சொற்கள்தாம். கண்ணிக்கு வேறு சொல் பொருந்தாது. அதற்குப் பிறகு பெயரில்லாமல் ஒரு புதுக் கண்ணி கட்டி, கைதட்டி நிறுத்தினார்கள். அந்தச் சொற்களை முதலில் யார் பாடியது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பேச்சியின் கண்ணியைக் கேட்பதற்காகவே அம்மா, இடுப்பு வளைந்த பிறகும், வருடந்தவறாமல் மண் சுமக்கப் போனாள்.

இப்போது நான் திருப்பரங்குன்றத்தில் குடியிருக்கிறேன். ஊரில் அந்தக் கால்வாய்க்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள். கூலிக்கு வரும் ஆட்கள் இரண்டே நாளில் தூர்வாரிவிட்டுப் போகிறார்கள், பாட்டில்லாமல். அத்தையும் அம்மாவும் போய்விட்டார்கள். முழுப் பாட்டும் தெரிந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, உங்க ஊருப் பாட்டு ஒன்னு எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். அவளுக்கும் ஆறு வயது முடிந்திருக்கிறது. பேச்சியின் கண்ணியைச் சொன்னால் அதற்கடுத்த, பெயரில்லாத கண்ணியையும் சொல்ல வேண்டும். குழந்தைகள் அந்த இடத்தைச் சும்மா விடமாட்டார்கள், யார் பெயரையாவது வைத்துப் பாடுவார்கள்.

"எனக்கு ஒன்னும் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

சுரங்கத்துக்குள்ளிருந்து பேச்சி கேட்டபடியே அவள் பெயரை எடுத்துவிட்டேன். அவள் வரவில்லை.