படகின் அடிவயிறு

கல்யாணமாகி மூன்றாம் மாதம் மெட்ராஸில் கப்பலேறிப் போர்ட் பிளேரில் வந்து இறங்கினேன். நாலு நாளும் வாந்தி. அங்கே துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் என்னை மரைன் ஹில்லில் இருந்த குவார்ட்டர்ஸில் ஒரு நாள் முழுக்கத் தூங்கவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்ததும் கையைப் பிடித்துச் சரிவில் இறக்கிக் கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே கட்டைகளின் மேல் ஒரு சின்னப் பாய்மரப் படகு நின்றது. நம்முடையது என்றார். கடற்கரைப் பெண்ணாயிற்றே, கடலை விட்டு எப்படி இருப்பாள் என்று யோசித்து, ஊருக்குத் திரும்பும் ஓர் அதிகாரியிடம் வாங்கினாராம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படகுகளிடமிருந்து தப்பிக்கத்தான் நான் இந்த ஆளைக் கட்டிக்கொண்டதே. தூத்துக்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ படகுக்காரர்கள் பெண் கேட்டு வந்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் என் அப்பா. எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது அவர் கடலோடு போய்விட்டார். கல்யாணப் பேச்சில் அப்பா இல்லை என்று மட்டும் சொன்னோம். எப்படிப் போனார் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் உற்சாகமாகப் படகின் மிதிபலகைகளைத் தூக்கி உள்ளே காட்டினார். அவர் ஆபீஸில் அதை பில்ஜ் என்பார்கள், எங்கள் வீட்டில் அடிவயிறு என்போம். படகில் கசிகிற தண்ணீர், மீன் செதில், அழுக்கு எல்லாம் வந்து தேங்குகிற இடம். எந்தப் படகிலும் நாற்றமடிக்கிற அந்த இடம் இந்தப் படகில் பளபளவென்று சிவப்பாக இருந்தது. விற்பதற்கு முன்னால் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு நல்ல மனுஷர் பார் என்றார். அப்பா கடைசியாக வாங்கிய தோணியிலும் இதே இடத்தில் புதுப் பெயிண்ட் இருந்தது. அதற்குள்ளே மரம் உளுத்துப்போயிருந்தது. நடுக்கடலில் அடிப்பலகை விட்டுவிட்டது என்று நீந்திக் கரை சேர்ந்தவர் வந்து சொன்னார். அப்பாவுக்கு நன்றாக நீந்தத் தெரியும். இவரோ திண்டுக்கல்காரர், முழங்கால் தண்ணீரைத் தாண்டாதவர். அடுத்த ஞாயிறு ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு எதிர்க்கரைக்குப் பாய் விரிப்பதாக ஏற்பாடு வேறு.

பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கவேண்டும் என்றேன். புதுப் பெயிண்டை யாராவது சுரண்டுவார்களா என்று சிரித்தார். ஏன் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அப்பாவைப் பற்றி வாய் திறந்தால் அதே மாதிரி இவருக்கும் ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

திங்கட்கிழமை அவர் ஆபீசுக்குப் போனதும் கிளம்பிவிட்டேன். புதுக்குடித்தனத்தில் சுரண்டி எங்கே இருக்கும்? அவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டேன். நான் சின்ன உருவம். மிதிபலகைகளை எடுத்துவிட்டு குறுக்கே ஓடும் விலாக்கட்டைகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்துகொண்டேன். பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. சாயங்காலம் திரும்பி வரும்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி அம்மா என் தலையெல்லாம் சிவப்புத் தூளைப் பார்த்துவிட்டு, ஹோலிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று ஹிந்தியில் கேலி செய்தாள். எனக்கு அப்போது ஹிந்தி ஒரு சொல் தெரியாது, அர்த்தம் பின்னால்தான் தெரிந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்து வைத்தேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. படகைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் தட்டை எடுத்துப்போட்டுச் சாப்பிட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இரண்டு நாள் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். நான் பாட்டுக்குப் பகலில் போய்ச் சுரண்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை மத்தியானம் தலையைத் தூக்கினால் அவர் நிற்கிறார். அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். கையில் இரண்டு நல்ல சுரண்டிகள், ஒரு சாக்கு. "தோசைக்கரண்டியக் குடு, வீட்டுக்கு வேணும்" என்றார். சாக்கை எனக்கு உட்காரப் போட்டுவிட்டு எதிர்முனையில் இறங்கிக்கொண்டார்.

அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துபோகிறது. ஒழுங்காகப் பேசிப் பழகாத இரண்டு பேர், ஒரு படகுக்குள் முதுகை முதுகு இடித்துக்கொண்டு சுரண்டினோம். பெயிண்டுக்குக் கீழே எண்ணெயும் சேறும் கலந்த பழைய பிசுக்கு வந்தது. சலவை சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்த்தோம். தண்ணீர் ஓடுவதற்காக விலாக்கட்டைகளின் அடியில் வெட்டியிருந்த சின்னத் துளைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. அவற்றை ஈர்க்குச்சி விட்டு ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். கடைசியில் நல்ல தண்ணீரால் அலச வேண்டும். உப்பு மரத்தில் தங்கினால் ஈரம் போகாது, மேலே அடிக்கிற பெயிண்ட் நிற்காது. அதுவோ கோடைகாலம், குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர். குளிக்க வைத்திருந்த தண்ணீரை இரண்டு பேரும் குடத்தில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினோம். ஒரு மனுஷன் ஆபீசுக்குக் குளிக்காமல் போனதற்கு நான்தான் காரணம். ஞாயிறு வந்தது. நண்பர்களிடம் வேறு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதாக அவர் போகிறபோக்கில் சொன்னார்.

அடியில் தண்ணீர் வடிகிற துளையின் ஆப்பைப் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் வெயிலில் காயவிட்டோம். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பெயிண்ட் அடிக்க எல்லாம் தயார். அவர் உள்ளூரிலேயே பிறந்த, படகு கட்டுகிற ஒரு மிஸ்திரியைக் கூட்டிவந்தார். மிஸ்திரி அடிப்பலகையை முனையிலிருந்து முனைவரை சுத்தியலால் தட்டினார், கத்திமுனையால் குத்தினார். எங்கேயும் இறங்கவில்லை. "படாக் மரம், பெஹன்ஜி. ஏக்தம் பக்கா" என்றார். மரம் உறுதி என்கிற அந்த ஹிந்தி எனக்கே புரிந்தது. அந்த அதிகாரி நிஜமாகவே நல்ல மனுஷர்தான், வெறும் அழகுக்காகத்தான் அடித்திருக்கிறார்.

மிஸ்திரி போய்விட்டார். நான் சுரண்டியை எடுத்து மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தேன். பெயிண்டே இல்லாத நல்ல மரத்தைச் சுரண்டினேன். சுருள் சுருளாக வந்தது. உளுத்த மரம் இன்னும் உள்ளே இருக்கும், இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தேடுற? எங்கிட்டச் சொல்லு."

"எங்கப்பா வாங்குன தோணியும் இப்படித்தான் புதுசா மின்னிச்சு" என்றேன். "அன்னைக்கு யாரும் சுரண்டிப் பாக்கல."

அந்த அடிவயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. அவர் எனக்கு எதிரே விலாக்கட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். இருட்டப்போகிற நேரத்தில் சொன்னார்.

"நீ சொன்னாத்தான் தண்ணியில எறக்குவேன். சொல்லலேன்னா கரையிலயே கெடக்கட்டும்."

அவர் ஆசைப்பட்டு வாங்கிய படகை அப்படிச் சொன்னார். மறுநாள் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய், நானே இரண்டு பூச்சு அடித்தேன். நடுவில், அடிப்பலகையில் ஒரு கையகலம் மட்டும் அடிக்காமல் எண்ணெய் தடவி விட்டேன். மரம் மரமாகவே தெரியட்டும் என்று. அவர் வந்து பார்த்தார். விட்டுப்போன இடம் என்று நினைத்து பிரஷை எடுத்தவர், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துவிட்டார். ஏழு நாள் கழித்து, இறக்கலாம் என்று சொன்னேன்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் படகு எங்களிடம் இருந்தது. அவர் கடைசிவரை நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை, நானும் கடைசிவரை அதில் ஏறவில்லை. ஞாயிறுகளில் கரைவரைக்கும் போவேன். நண்பர்கள் காத்திருப்பார்கள், காற்று சரியாக இருக்கும். அவர் போய்வருகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. குனிந்து மிதிபலகையைத் தூக்கி, அந்தக் கையகல மரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திக் காட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டிய பிறகுதான் பாய் ஏறும்.