பக்கவாசலில் கழற்றிய செருப்பு

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேனா பிடித்ததைவிட டைல்ஸ் ஒட்டும் கரண்டி பிடித்ததுதான் அதிகம். சின்ன ‘ர’ எங்கே போடுவது, பெரிய ‘ற’ எங்கே போடுவது என்று இன்றுவரை எனக்கு நிச்சயம் இல்லை. அச்சில் போடுகிறவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம். இதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன்.

மஸ்கட்டில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. வேலைக்கு விடுமுறை அன்றைக்குத்தான் என்பதால் கோயில் பூசையும் அன்றைக்கே. ஞாயிற்றுக்கிழமை நான் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருப்பேன். அதே நேரத்தில் திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடிக்கும். வந்த புதிதில் இது விநோதமாக இருந்தது. பிறகு வசதியாகிவிட்டது. ஊரில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் கிடப்பவனை நாலு பேர் பார்ப்பார்கள். இங்கே வெள்ளிக்கிழமை முழுக்கத் தூங்கினாலும் கேட்க ஆள் இல்லை. அப்படியே பல வருடங்கள் தூங்கினேன்.

ஏன் கோயிலை விட்டேன் என்று கேட்டால் கோபம் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது கோபம் இல்லை. எங்கள் ஊரில் ஊர்த்தெருக்காரர்களும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், காலனிக்காரர்களான நாங்களும் வேதக்காரர்கள். கோயில் ஒன்று. அவர்களுக்கு முன்வாசல், எங்களுக்குப் பக்கவாசல். பூசையில் அவர்கள் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கி முடித்த பிறகு நாங்கள் எழுந்து போவோம். கல்லறை நிலம் ஒன்றுதான், ஆனால் நடுவில் சுவர். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. நடக்கப் பழகியபோதே கால் இதையும் பழகிக்கொண்டது. என் அப்பா ஊர்த்தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தாண்டியதும் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். அவர் இறந்தபோது, பிணத்தை வைத்துத் தூக்கிப்போகும் கோயில் தூம்பாவைக் கேட்கப் போனேன். காலனிக்கென்று இருந்த தூம்பாவுக்குக் கால் உடைந்திருந்தது. ஊருக்கானது புதிது. சாவி வைத்திருந்த பெரியவர், “அது ரிப்பேருப்பா சூசை” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த அறையில், அது நாலு காலில் நன்றாக நின்றுகொண்டிருந்தது. நான் “சரிங்க” என்றேன். திரும்பி வந்து மூங்கில் வெட்டினோம். என் வாயிலிருந்து வந்த அந்த ‘சரிங்க’ எனக்கே கேட்டுக்கொண்டிருந்ததால்தான் மறுவாரம் கோயிலுக்குப் போகவில்லை. கோபக்காரனாக இருந்தால் அங்கேயே நின்று கேட்டிருப்பேனே.

அதற்குப் பிறகு மஸ்கட் வந்தேன். மகள் ஸ்டெல்லாவின் ஞானஸ்நானத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை. என் மனைவி பிலோமினா கண்டமங்கலம் பக்கத்துப் பெண். அவள் எதற்கும் அசைய மாட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாரம் தவறாமல் பூசைக்குப் போனாள். அந்தக் குழந்தைதான் ஒருநாள் வீடியோ காலில் என்னைப் பிடித்துக்கொண்டது.

“அப்பா, பரலோக மந்திரம் சொல்லு பாக்கலாம்.”

சொன்னேன். பாதியில் நின்றுவிட்டது.

“அய்ய, உனுக்குப் பாதிதான் தெரியுது!”

“அவர இன்னாத்துக்குடி கேக்கற?” என்று பின்னாலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. “உங்கப்பா கோயில் படி மெரிச்சி எத்தினி வருசம் ஆவுது. பாதி நெனப்பு இருக்கறதே பெருசு.”

ஸ்டெல்லா விடவில்லை. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதை எங்கள் பக்கம் புதுநன்மை என்பார்கள். அடுத்த மே மாதம் அவளுக்குப் புதுநன்மை. “அன்னிக்கி அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் நின்னு கூடவே நன்மை வாங்கணும்னு சிஸ்டரு சொன்னாங்க. நீ வருவ இல்ல?”

“வர்றேன் கண்ணு” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நன்மை வாங்க வேண்டுமென்றால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அதற்கு முன் ஏதாவது ஒரு கோயிலுக்குள் நுழைய வேண்டும்.

முதலில் போனது கோயில் இல்லை, ஒரு ஜெபக்கூட்டம். எங்கள் கேம்ப் ஏசி மெக்கானிக், விழுப்புரத்துக்காரர், அழைத்துப் போனார். ஒரு பிளாட்டின் ஹாலில் நாற்பது பேர் கைதட்டிப் பாடினார்கள். நல்ல மனிதர்கள். சுவரோரமாக நின்றுகொண்டிருந்த என் கையில் திடீரென்று மைக்கைக் கொடுத்து, “பிரதர் சூசை இப்ப சாட்சி சொல்வார்” என்றார்கள். பாத்ரூம் எங்கே என்று மைக்கிலேயே கேட்டேன். கூட்டம் முடியும்வரை உள்ளேயே இருந்தேன். அங்கே டைல்ஸ் கோணலாக ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே வந்ததும் மெக்கானிக், “இன்னா பிரதர், இப்பிடி பேஜாரு பண்ணிட்டீங்க?” என்றார். அந்தப் பக்கம் பிறகு நான் போகவில்லை.

அடுத்து தமிழ்ப் பூசைக்குப் போனேன். பூசை முடிந்ததும் வாசலில் டீ கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அன்பாகத் தோளில் கை வைத்து, “புதுசா? எந்த ஊருங்க?” என்றார். திண்டிவனம் பக்கம் என்றேன். முகம் மலர்ந்தது. “அட, நம்ம பக்கம்! எந்தப் பங்கு?” எங்கள் கோயில் இருக்கும் பங்கின் பெயரைச் சொன்னேன். “தெரியுமே! அங்க எங்க சொந்தக்காரங்க இருக்காங்க. நீங்க ஊரா, காலனியா?” அவர் அதைக் கெட்ட மனதோடு கேட்கவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோல்தான் கேட்டார். டீ சுட்டுவிட்டது என்று சொல்லிக் கப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு கேம்ப் வேன் பக்கம் நடந்தேன். கடல் தாண்டி வந்தும் அந்தக் கேள்விக்குப் பதில் அதேதான். “காலனிங்க” என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல முடியாமல் போனதற்கு அவர் என்ன செய்வார்?

அந்த வளாகத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நேரம். தமிழ் முடிந்தால் மலையாளம், கொங்கணி, பிறகு பிலிப்பைன்ஸ்காரர்களின் பூசை. யோசித்தேன். எனக்கு எந்த மொழி சுத்தமாகத் தெரியாதோ அதுதான் எனக்கு ஏற்ற கோயில். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் புரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை பிலிப்பைன்ஸ் பூசைக்குப் போனேன். பக்கவாசல் ஒன்று இருந்தது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரோரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அங்கே எல்லோரும் ஷூவோடு பெஞ்சில் உட்காருகிறார்கள் என்பதைக் கவனித்தபோது நேரமாகிவிட்டது. எழுந்தால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அப்படியே இருந்தேன்.

குள்ளமான ஒரு பெண் பதறி ஓடிவந்தாள். பிறகு தெரிந்துகொண்டேன், பெயர் மரிசெல், ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. என் நெற்றியில் புறங்கையை வைத்து, “சார், யூ சிக்?” என்றாள்.

சிக் லீவு எனக்குத் தெரியும். பூசைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, “நோ சிக். ஐ கிறிஸ்டியன்” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாள். கையைப் பிடித்துத் தூக்கி, நடுப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு வெளியே போய், யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் நடந்துவந்து என் காலடியில் வைத்தாள். சிமெண்டு காய்ந்து வெளுத்த செருப்பு அது. அதை வேறொருவர் கையில் நான் பார்த்ததே இல்லை. அப்பா கையில் இருந்த அவர் செருப்பு ஞாபகம் வந்தது. பரலோக மந்திரம் வந்தபோது எல்லோரும் பக்கத்திலிருப்பவர் கையைக் கோத்துக்கொண்டார்கள். அது அவர்கள் வழக்கமாம். மரிசெல் என் கையைப் பிடித்தாள். என் விரல்கள் உப்புத்தாள் மாதிரி இருக்கும். இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை. அவர்கள் தங்கள் மொழியில் சொல்ல, நான் உதட்டுக்குள் என் பாதி மந்திரத்தைச் சொன்னேன். மீதிப் பாதியை ஸ்டெல்லா பிறகு போனில் சொல்லிக்கொடுத்தாள்.

லீவுக்கு முந்தின வாரம் தமிழ்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “எந்தப் பக்கம்பா?” என்றார். திண்டிவனம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். “மல்லாட்டை நல்லா விளையுமே அங்க” என்று எங்கள் பக்கத்து நிலக்கடலையைச் சொன்னார். பிறகு என் பாவங்களைக் கேட்டார். தூம்பாவைச் சொல்ல வாய் வரவில்லை. பூசைக்குப் போகாததை மட்டும் சொன்னேன். மன்னிப்பு கிடைத்தது. பாதி சொன்னவனுக்குப் பாதி மன்னிப்புதானோ என்று விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஊரில் கோயில் மாறியிருந்தது. பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். இப்போது யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை என்று பிலோமினா போனிலேயே சொல்லியிருந்தாள். கல்லறைச் சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. புதுநன்மை அன்று ஸ்டெல்லா விழுப்புரத்தில் வாங்கிய வெள்ளைக் கவுனில் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் போனாள். நானும் பிலோமினாவும் பின்னால். முன்வாசலில், தூம்பா சாவி வைத்திருந்த அதே பெரியவர், கைத்தடியோடு நின்றிருந்தார். வயதாகிவிட்டது. “யாரு, சூசையா? எப்பப்பா வந்த? வா, வா, உள்ள வா” என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் கூப்பிட்டார்.

நான் “சரிங்க” என்றேன். என் கால்கள் பக்கவாசலுக்குப் போய்விட்டன.

“எங்க போறீங்க?” என்று பிலோமினா பல்லுக்குள் கேட்டாள்.

“செருப்பு வுட்டுட்டு வர்றேன். நீ போ.”

“மஸ்கட்ல நடு பெஞ்சுல உக்காந்தேன்னு போன்ல அளந்தீங்களே, அந்த ஆளு எங்க?” என்று சொல்லிவிட்டு அவள் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். நான் பக்கவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் நின்றேன். நடு பெஞ்சில் பிலோமினா பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. தாய் தகப்பன்மார் பிள்ளைகளோடு வரலாம் என்று சாமியார் சொன்னார். ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு எட்டு எடுத்து வைத்தேன். அதே நேரத்தில் ஊர்த்தெருக்காரர் ஒருவரும் எழுந்தார். அவர் போகட்டும் என்று நின்றேன். பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். யாரும் என்னைத் தடுக்கவில்லை. இதை எழுதத்தான் கை கூசுகிறது: யாருமே தடுக்கவில்லை. எல்லோரும் வாங்கி முடித்த பிறகு கடைசியாகப் போய் வாங்கினேன். அப்போது ஸ்டெல்லா தன் இடத்தில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடியிருந்தாள்.

பூசை முடிந்து முன்வாசலுக்கு வந்தேன். செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் ஸ்டெல்லா குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுது கீது, என்து கீது. பக்கத்துல உன்துக்கு எடம் வுட்டு வெச்சேன். உன்து எங்கப்பா?”

“இங்க எடம் இல்ல கண்ணு. அந்தப் பக்கம் வுட்டுட்டேன்.”

“இவ்ளோ எடம் கீதே!” என்று தரையைக் காட்டினாள். நான் எதுவும் சொல்வதற்குள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாசலுக்கு ஓடினாள். என் செருப்பு இரண்டையும் வெள்ளைக் கையுறை போட்ட கையில் ஏந்திக்கொண்டு, கோயிலுக்கு முன்னால், எல்லோரும் பார்க்க நடந்துவந்தாள். பெரியவரும் பார்த்தார். தன் செருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்து, நேராக்கி, “இப்ப போட்டுக்கோ” என்றாள். கையுறையில் அழுக்கு ஒட்டிவிட்டது. அதைப் பார்த்து பிலோமினா அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது மறுபடி மஸ்கட்டில் இருக்கிறேன். இன்று பிலிப்பைன்ஸ் பூசைக்கு முன்வாசல் வழியாகவே போனேன். செருப்போடு உள்ளே நடக்கவும் கூசுகிறது, கழற்றிவிட்டு நடக்கவும் கூசுகிறது. மரிசெல் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். புதுநன்மைப் போட்டோவைப் போனில் காட்டினேன். ஸ்டெல்லா நடுவில், நன்மையை வாங்க வாயைத் திறந்திருக்கிறாள். ஒரு பக்கம் பிலோமினா. இன்னொரு பக்கம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். மரிசெல் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் விரலை வைத்து, “யூ டேக் போட்டோ?” என்று சிரித்தாள். போட்டோ எடுத்தது நான், அதனால்தான் அதில் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“எஸ்” என்றேன்.

பரலோக மந்திரம் தொடங்கியது. மரிசெல் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். என் இடம் பெஞ்சின் ஓரம் என்பதால் இடது பக்கம் யாரும் இல்லை. அந்தக் கையையும் நீட்டி, விரல்களைப் பிரித்து, மந்திரத்தை இந்த முறை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, 13 ஜூன் 2025. எனக்கு இன்று ஞாயிறு; ஸ்டெல்லாவுக்கு அது இன்னும் வரவில்லை.