யார் வளர்த்த கீரை

எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தபோது உள்ளறையில் இருந்தவை முப்பத்தாறு புளிச்சக்கீரைச் செடிகள். கஞ்சா என்று நினைத்துத்தான் வந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வேறொருவர் வீட்டில் அப்படி ஓர் அறையைப் பார்த்திருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி. கூரையிலிருந்து தொங்கும் ஊதா விளக்கு. சுவரோரம் மூன்று அடுக்காகப் பிளாஸ்டிக் குழாய்கள், அவற்றில் போட்ட துளைகளில் மண்ணே இல்லாமல் தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் செடிகள், செடி முழுக்க விரல் விரலாகப் பிரிந்த இலைகள். இத்தனையும் கட்டியவன் நான். ஸ்டேஷனுக்குப் போனவள் என் மனைவி.

குவைத்தின் ஃபஹாஹீலில் நாங்கள் குடியிருந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் எனக்கு வேலை. அழுத்தமானி, வெப்பமானி, வால்வு இவற்றைச் சரிபார்க்கும் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். ஒரே மகள். அவள் கோவைக்குக் கல்லூரி படிக்கப் போனதும் அவளுடைய அறை காலியானது. என் மனைவி அங்கே இஸ்திரி மேசையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். மண்ணில்லாமல் தண்ணீரில் செடி வளர்ப்பதை போனில் பார்த்த நாளிலிருந்து அதுவே பேச்சாக இருந்தேன்.

"வேண்டாமுங்க," என்றாள். "கீரை வேணும்னா கடையில வாங்கிக்கலாம்."

"புளிச்சக்கீரை பிரெஷ்ஷா கிடைக்குமா இங்க?"

"கிடைக்காட்டிப் பருப்பைக் கடைஞ்சுட்டுப் போறனுங்க. அதுக்குன்னு ரூமுக்குள்ள குழாய் போடுவாங்களா?"

நாங்கள் இருவரும் கோவைப் பக்கம். புளிச்சக்கீரைக் கடைசலும் சுடுசோறும் நல்லெண்ணெயும் என்றால் எனக்கு உயிர் என்பது உண்மைதான். ஆனால் கீரை ஒரு சாக்கு என்பது அவளுக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது பம்பும் டைமரும் குழாயும். லீவில் போனபோது விதை வாங்கி வந்தேன். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தேன். தண்ணீரின் வெப்பத்தைக் காலையும் மாலையும் அளந்து எழுத ஒரு தாளைக் கதவில் ஒட்டினேன். "டூட்டி முடிஞ்சு வந்தும் டூட்டியா? ஓவர்டைம் யார் தருவாங்களாம்?" என்று கேலி செய்வாள். செடி முழங்கால் உயரம் வந்ததும் முதல் கீரையைப் பறித்துக் கடைந்தாள். நன்றாக இருந்தது என்று நான்தான் மூன்று முறை சொன்னேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு விதி. வீட்டுக்காரரைக் கேட்காமல் தண்ணீர்க் குழாய் சம்பந்தமாக எதுவும் செய்யக் கூடாது. கேட்டால் கண்டிப்பாக மறுப்பார் என்பதால் நான் கேட்கவில்லை. ஊதா வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்தது. லிப்டில் ஒருவன், "பாய், வீட்டில் டிஸ்கோ வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். அன்றைக்கே கறுப்புத் துணியை அடித்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் ஹாரிஸ் வந்தார். ஹாரிஸ் என்றால் கட்டடத்தின் காவல்காரர். ஏ.சி. பில்டரைக் கழுவ ஆளைக் கூட்டிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார். ஹாலோடு நிறுத்தினேன். "அந்த ரூம் ஏ.சி.?" என்று ஹிந்தியில் கேட்டார். அது வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மடியில் கனம் இருந்ததால் எனக்குச் சுருக்கென்று வந்தது. உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ, என் ரூமுக்குள் நுழைய நீ யார் என்று கத்தினேன்.  அவர் ஊதா வெளிச்சம் கசிந்த கதவிடுக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் மனைவியிடம் திரும்பி, நான் இல்லாதபோது எவன் வந்தாலும் அந்த அறைக் கதவைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அவள் சரி என்றாள்.

அந்த வியாழக்கிழமை காலை பம்பிலிருந்து வரும் ஒரு குழாய் கழன்றுகொண்டது. இவ்வளவு பெரிய ஆலையில் ஒரு சொட்டு ஒழுகவிடாமல் பார்த்துக்கொள்கிறவன் வீட்டுக் குழாயில் ஒரு கிளிப்பை இறுக்காமல் விட்டிருந்தேன். தண்ணீர் இறங்கிக் கீழ் வீட்டுக் கூரை நனைந்தது. ஹாரிஸும் ஒரு பிளம்பரும் வந்து கதவைத் தட்டினார்கள். என் மனைவிக்கு ஹிந்தி நான்கு வார்த்தை, அரபி இரண்டு. நான் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது, சார் சொல்லியிருக்கிறார். கதவுக்கு அடியில் தண்ணீரும் ஊதா வெளிச்சமும் சேர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தன. பிளம்பர் கதவைத் தள்ளிவிட்டார். ஹாரிஸ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போனார். ஒரு மணி நேரத்தில் போலீஸ் வந்தது. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அவர் வேலையும் போயிருக்கும், அவரும் உள்ளே போயிருப்பார்.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று மணிக்கு வெளியே வந்து எடுத்தால் பதினோரு மிஸ்டு கால். எல்லாம் எதிர் வீட்டிலிருந்து. அந்த வீட்டம்மா திருச்சிக்காரர்.

"அண்ணா, அக்காவக் கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணா. லேடி போலீசும் வந்திருந்துச்சு. இது கீரை, வேணும்னா தின்னு காட்டுறேன்னு அக்கா ஒரு இலையக் கிள்ளப் போனாங்க. கையப் புடிச்சிட்டாங்க."

"வேற என்ன கேட்டாங்க?"

"யார் வளர்த்ததுன்னு கேட்டாங்க. என்னோடதுதான்னு அக்கா நெஞ்சுல கைவெச்சுச் சொல்லிட்டாங்கண்ணா. நான் நடுவுல புகுந்து சொல்லலாம்னு பார்த்தேன், பயமா இருந்துச்சு."

வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டதாக நினைத்தேன். என் பெயரில் வழக்கு என்றால் வேலை போகும், இகாமா என்கிற குடியிருப்பு அனுமதி போகும், மகள் படிப்பும் கேள்விக்குறி. என்னைக் காப்பாற்றத்தான் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

கம்பெனி மந்தூப்புக்குப் போன் செய்தேன். அரசாங்க அலுவலகங்களில் கம்பெனிக்காக அலைகிற ஆள் அவர். மலையாளி, அரபியில் கெட்டிக்காரர். ஸ்டேஷன் வாசலில் என்னைச் சந்தித்தவர் உள்ளே போகுமுன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சாரே, இது கீரையா? சத்தியமா?"

"என் மக மேல சத்தியம்."

"அப்போ லேப் ரிசல்ட்டு வந்நா தீர்ந்நு. அதுவரை நீங்க ஒண்ணும் மிண்டண்டா, பேசவே வேண்டா. சேச்சி என்னோடதுன்னு சொல்லியாச்சு. நீங்க போயி அல்ல, என்னோடதுன்னு சொன்னா ரெண்டு பேரும் அகத்து. பின்னே வெளிய நிண்ணு ஓடறதுக்கு யார் உண்டு? ரெண்டு நாள். கலாஸ், முடிஞ்சு."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். இது நாங்கள் சமைத்துச் சாப்பிடுகிற கீரை என்று சொன்னேன். மந்தூப் அரபியில் சொன்னார். காட்டு என்றார் அதிகாரி. போனில் புளிச்சக்கீரைப் படத்தைத் தேடி எடுத்து நீட்டினேன். அவர் தன் கணினியில் கஞ்சா இலைப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து தின்கிற கீரை, இருந்தாலும் எது எது என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை லேப் திறக்கும், அதுவரை உன் மனைவி இங்கே இருக்க வேண்டும் என்றார். பார்க்க முடியுமா என்று கேட்டேன். இப்போது முடியாது என்றார்.

பிறகு பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். செடியை வளர்த்தது தான்தான் என்று உன் மனைவி சொல்கிறாள், சரிதானா?

மந்தூப் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மந்தூப் எனக்காக ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அறை காலி. செடி, குழாய், விளக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார்கள். கதவில் நான் எழுதிய வெப்பநிலைத் தாளையும் கிழித்துப் போயிருந்தார்கள். என் கையெழுத்து அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வருவார்கள் என்று பயந்தேன். வந்தால் நல்லது என்றும் ஒரு பக்கம் தோன்றியது. வந்துவிட்டால் நானாகச் சொல்ல வேண்டிய வேலை இல்லை பாருங்கள். யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய மாத்திரையை எடுத்துக்கொண்டு போனேன். தைராய்டுக்குத் தினம் போடுகிற மாத்திரை. வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை ஒரு மாற்றுத் துணி. அதையும் வாங்கிக்கொண்டார்கள். வெளியே நின்று ஓடுகிற ஆளாக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா ஏன் மெசேஜே பார்க்க மாட்டேங்கறா?" போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றேன். "அப்ப உங்க போன்ல குடுங்க." குளிக்கிறாள் என்றேன். சாயங்காலம் மறுபடி கேட்டாள். தூங்குகிறாள் என்றேன். "டாட், ஆர் யூ கைஸ் ஃபைட்டிங்?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது போல, வைத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் மந்தூப் கூப்பிட்டார். லேப்பில் ஒன்றுமில்லை, சாதாரணச் செடி. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப் போகலாம். அதிகாரி என்னிடம் கை குலுக்கினார். இனி இப்படிக் கீரை வளர்க்காதே என்று மந்தூப் மூலமாகச் சொன்னார். அவளை அழைத்து வந்தார்கள். கன்னம் ஒட்டியிருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் சாப்பிட்டிருந்தேன்.

வண்டியில் நான் ஹாரிஸைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அவர்தான் கிடைத்தார். கடற்கரைச் சாலையில் திரும்பியபோது அவள் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த ஆபீசர் உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

"யார் வளர்த்ததுன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மந்தூப் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு பேரும் உள்ளே போனால் வெளியே ஓட ஆளில்லை, மகள் படிப்பு, இகாமா, எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரிதானுங்க," என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி பேசினாள். "என்னோடதுன்னு நான் சொன்னப்ப இவ்வளவு எல்லாம் யோசிக்கலீங்க. உங்களைக் கூப்பிட முடியலை, என்னமோ சொல்லிட்டேன். நீங்க வந்து, அவளோடது இல்லை, நான்தான் வெச்சேன்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். அந்த லேடி போலீசு கதவைத் தொறக்கறப்ப எல்லாம், சொல்லிட்டீங்க போல இருக்குன்னு எந்திரிச்சு நிப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். ஊரில் மழையா என்று கேட்பது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு என் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். மகள் எடுத்ததும் சண்டையா என்று கேட்டிருப்பாள். "அப்பாகூட சண்டைதான் கண்ணு, இப்ப சரியாயிருச்சு," என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.